இலையான் அறையின் கொண்டி

தம்பி,

அந்தக் கதவை நீ எவ்வளவு நேரம் தட்டினாய்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு என் நுணுக்குக்காட்டியின் கீழே எத்தனை ஈக்கள் கிடந்தன, அவற்றில் எத்தனை பெண், ஒவ்வொன்றின் கண்ணிலும் சிவப்பு எவ்வளவு என்பதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நீ தட்டியதை எழுதவில்லை. மணியும் பார்க்கவில்லை. அப்போது உனக்கு ஐந்து வயது. இப்போது இருபத்தைந்து. அடுத்த மாதம் உனக்குக் கலியாணம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாரணி இங்கே வந்தது உனக்குத் தெரியாது. நீ வேலைக்குப் போயிருந்தாய், அப்பா படுத்திருந்தார். சாம்பல்தீவிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, ஒரு பையில் மரவள்ளிக்கிழங்கை மேசையில் வைத்துவிட்டு, குசினிக் கதிரையில் இருந்தாள். உன்னைக் கட்டப்போகிற பிள்ளை வருங்கால மாமியாரிடம் தனியே வந்தால் என்ன கதைப்பாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"மாமி, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டீங்களோ?"

"கேள் பிள்ளை."

"இவர் தனக்குப் பிள்ளையள் வேண்டாமாம். தன்ரை பயம் பிள்ளைக்கும் போகுமாம். அது பரம்பரையிலை எழுதப்பட்டுப் போச்சாம், நீங்கள்தான் சொன்னனீங்களாம். உண்மையோ மாமி?"

பிறகு, உன் பேர்சிலிருந்து எடுத்து வந்தேன் என்று சொல்லி ஒரு தாளை விரித்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் செலோரேப் ஒட்டிய தாள். அதில் ஒரு நூல், நூலில் கோத்த மணிகள். ஒரு பக்கம் மணிகள் தள்ளித் தள்ளி. மறுபக்கம் நெருங்கி ஒரு கட்டியாக. அந்தக் கட்டிக்குள் ஒரு அம்புக்குறி: "பயத்தை அடக்கும் பரம்பரையலகு: மூடிவிட்டது." என் கையெழுத்து. நீ அதைப் பதினொரு வருஷமாகப் பேர்சுக்குள் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"படம் எனக்கு விளங்கேல்லை," என்றாள் தாரணி. "எழுத்து உங்கடை எண்டு மட்டும் விளங்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். "இதிலை யோசிக்க என்ன மாமி இருக்கு? ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை" என்று அவள் கேட்டாள். நான் எழும்பி அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்தேன். ஐம்பதை எட்டப்போகிற, பட்டம் படித்த, இருபது வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்த ஒருத்தி ஒரு சொல்லைச் சொல்ல வக்கில்லாமல் கேத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் "இல்லை" என்பதுதான். அதை அன்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, "அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று வந்திருக்கும். எனக்குப் பயம் அந்த அடுத்த கேள்வியில்தான்.

அதனால் எழுதுகிறேன். மூடிய உறையில் தராமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உனக்குச் சொன்ன அந்தக் கதையை உன்னோடு நிறுத்தவில்லை. உயர்தர வகுப்பில் சொன்னேன். பெற்றார் கூட்டத்தில் சொன்னேன். யுத்த காலத்தில் வெடிச் சத்தத்துக்குள் பிள்ளை பெற்ற தாய்மார் அழுதார்கள். ஒரு தாய் என் கையைப் பிடித்து, "அப்ப என்ரை பிழை இல்லை, என்ன ரீச்சர்?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். அந்தக் கதை அவளுக்கு ஆறுதல். எனக்கோ அது ஒளிந்துகொள்ள ஒரு இடம். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிந்தே இருந்தது.

உண்மையான விஷயத்தை முதலில் சொல்கிறேன். அது நான் வரைந்ததைவிட நல்ல விஷயம். பழ ஈயின் உடலைக் கட்டுகிற கலம் ஒன்று கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதற்குள் இருக்கிற பரம்பரை நூலை இழுத்து நீட்டினால் கலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு நீளம். அதனால் நூல் புரத மணிகளில் சுற்றிச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கிறது. நூலும் மணியும் சேர்ந்ததைத்தான் குரோமற்றின் என்கிறோம். சில இடங்களில் அடுக்கு தளர்வு. அங்கேயுள்ள பரம்பரையலகுகளை, அதாவது மரபணுக்களை, கலத்தால் வாசிக்க முடியும். சில இடங்களில் இறுக்கம்; அங்கே எழுத்து அப்படியே இருக்கும், வாசிக்க ஏலாது. கண்ணுக்குச் சிவப்பு நிறம் தருகிற பரம்பரையலகு ஒன்று இருக்கிறது. நூல் ஒருமுறை முறிந்து திரும்பி ஒட்டியதில் அது இடம் மாறி, இறுக்கமான பகுதிக்குப் பக்கத்தில் போய் விழுந்த ஈக்கள் உண்டு. அந்த அலகில் ஒரு எழுத்தும் பிழையில்லை. ஆனாலும் பக்கத்து இறுக்கம் சில கலங்களில் அதன் மேலும் பரவி மூடிவிடும், சில கலங்களில் பரவாது. அதனால் அந்த ஈயின் கண் முழுச் சிவப்பாகவும் இருக்காது, வெள்ளையாகவும் இருக்காது. புள்ளி புள்ளியாக இருக்கும். முதன்முதல் அதைப் பார்த்த நாள், தேத்தண்ணி குடிக்கவும் மறந்து இருந்தேன்.

நான் முதுமாணிப் பட்டத்துக்கு எடுத்த கேள்வி மிகச் சின்னது. கண் மிகவும் வெளிறிய தாய்க்கும் தகப்பனுக்கும் பிறக்கிற குஞ்சுகளின் கண்ணும் வெளிறித்தான் இருக்குமா? அதாவது, பெற்றாரின் கண்ணில் விழுந்த மூடல் பிள்ளைக்கும் போகுமா? இதற்குக் கன்னி ஈக்கள் வேண்டும். பெண் ஈ கூட்டிலிருந்து வெளிவந்து எட்டு மணித்தியாலத்துக்குள் பிரித்தெடுக்காவிட்டால் அது ஏதோ ஒரு ஆணோடு சேர்ந்துவிடும், பிறகு யாருடைய பிள்ளை என்று சொல்ல முடியாது. ஆகவே காலை ஆறரைக்கு ஈக்களை வளர்க்கிற போத்தல்களை வெறுமையாக்க வேண்டும், பிற்பகல் இரண்டுக்குப் புதிதாக வந்தவற்றைப் பிரிக்க வேண்டும். ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் என்று ஈக்கு இல்லை. "உன்ரை அம்மாவிட்டை இலையானுக்கு இருக்கிற நேரம் எனக்கில்லையடா," என்று அப்பா உன்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஈக்களை வைத்திருந்த பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு "இலையான் அறை" என்று பெயர் வைத்ததும் நீங்கள் இரண்டு பேரும்தான்.

உன்னைப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டிவந்து பின்னேரம் வரைக்கும் பார்த்தவர் பாலையூற்றில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அந்த மாதம் அவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் பகல் வேலை. உன்னை இலையான் அறைக்கே கூட்டிக்கொண்டு போனேன். முதல் இரண்டு மூன்று நாளும் என் பக்கத்திலேயே கதிரை போட்டு இருத்தினேன். நீ சும்மா இருப்பாயா? "அம்மா, இதுகள் நித்திரையோ, செத்துப் போச்சோ?" என்பாய். ஈதர் கொடுத்து மயக்கி வைத்திருந்தவற்றை விரலால் தொட்டுப் பார்ப்பாய். ஒரு போத்தலின் பஞ்சைப் பிடுங்கி, "போங்கோ, வீட்டை போங்கோ" என்று ஈக்களை விரட்டிவிட்டாய். என் கொப்பியில் "பறந்தவை" என்று ஒரு நிரல் உண்டு. கையிலிருந்து பறந்துபோன ஈக்கள் எத்தனை என்று அதில் எழுத வேண்டும். அந்த நாட்களில் அந்த நிரல் நிறைய இலக்கம். என் ஆய்வு மேற்பார்வையாளர் அதைப் பார்த்து, "கலியாணம் கட்டின பெட்டையளை நான் எடுக்கிறதே இல்லை, உங்களை எடுத்தது என்ரை பிழை" என்றார். அதை இங்கே எழுதுவது அவர்மேல் பழி போடுவதற்கல்ல. அதைக் கேட்டு எனக்கு வந்த ரோஷத்தின் விலையைக் கட்டியவன் நீ என்பதற்காக எழுதுகிறேன்.

இலையான் அறைக்குள்ளே இன்னொரு சின்ன அறை இருந்தது. ஈப் போத்தல்களுக்கான குளிர் அலுமாரிகள் வைக்கிற இடம், யன்னல் இல்லை. அடுத்த நாள் உன்னை அதற்குள் விட்டு, கலர்ப் பென்சில்களும் இரண்டு மாரி பிஸ்கற்றும் தந்து, விளக்கை எரியவிட்டு, "கொஞ்ச நேரம், ராசா" என்று சொல்லி வெளியே கொண்டியைப் போட்டேன். ஒரு நாள்தான். போத்தல்களுக்கு ஈதர் கொடுத்து ஈக்களை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணத் தொடங்கின கையோடு மின்சாரம் போய்விட்டது. என் நுணுக்குக்காட்டி கண்ணாடியால் வெளிச்சம் எடுக்கிற பழைய வகை. யன்னலோரம் நகர்த்தினால் போதும். நகர்த்தினேன். உன்னுடைய அறையில் வெளிச்சம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று எந்தக் காலத்திலும் நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. நீ தட்டத் தொடங்கினாய். ஈதர் மயக்கம் சில நிமிஷம்தான். எழும்பிவிட்டால் அன்றைய கன்னிகளும் போய்விடும், எண்ணிக்கையும் போய்விடும். இந்தத் தட்டை முடித்துவிட்டுத் திறக்கலாம் என்று நினைத்தேன். முடித்தேன். பிறகு அடுத்த தட்டையும் முடித்தேன். அதற்குள் நீ தட்டுவதை நிறுத்திவிட்டாய். நித்திரையாகிவிட்டாய் என்று எடுத்துக்கொண்டு மூன்றாவதையும் முடித்தேன். பறந்தவை என்ற நிரலில் ஒரு கோடு இழுத்தேன். கோடு என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

கதவைத் திறந்தபோது நீ நித்திரையாக இருக்கவில்லை. கீழே இருந்துகொண்டு, கதவுக்கும் நிலத்துக்கும் இடையிலிருந்த வெளிச்சத்தில் விரல்களை வைத்திருந்தாய். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "முடிஞ்சுதோ அம்மா?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகுதான் நீ கதவு சாத்தி நித்திரை கொள்ளாமல் விட்டாய். மலசலகூடத்துக்கும் கதவைத் திறந்துவைத்தே போனாய். அப்பா காரணம் கேட்டார். துறைமுகப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுப் பயந்துவிட்டான் என்றேன். அந்த நாட்களில் சத்தத்துக்குக் குறைவில்லை. யாரும் மேலே கேட்கவில்லை.

உனக்குப் பதினான்கு வயதில் கொழும்பில் மாமா வீட்டுக்குப் போனோம், நினைவிருக்கும். ஒன்பது மாடி. நீ லிப்டுக்குள் காலை வைத்துவிட்டு வெளியே பாய்ந்து படியால் ஏறினாய். மேலே மச்சான்மார் வரிசையாக நின்று, "டேய், லிப்ட் கடிக்குமோடா?", "திருகோணமலையிலை மரமும் ஏறுறேல்லையோ?" என்று உன்னை அறுத்தார்கள். வீடு வந்து நாலாம் நாள் குசினியில் என்னைக் கேட்டாய்: "அம்மா, எனக்கு மட்டும் ஏன் இப்பிடி?" உனக்கு ஒன்றும் நினைவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்படித்தான் நான் நினைத்தேன். உடனே ஒரு தாளை எடுத்தேன். நீ என் வயிற்றில் இருந்தபோது கேட்ட வெடிகளைச் சொன்னேன். அந்த அதிர்ச்சியில் உன் நூல் இறுகிவிட்டது, பயத்தை அடக்குகிற அலகு மூடிப்போய்விட்டது, உன்னில் பிழையில்லை, என்னிலும் பிழையில்லை என்றேன். நீ கேட்டாய், "அப்ப என்ரை பிள்ளையளுக்கும் வருமோ?" கதை அவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. "வரலாம்" என்றேன்.

இப்போது கேள், தம்பி. அன்று நீ தட்டிக்கொண்டிருந்தபோது என் தட்டில் கிடந்தவை, கண் மிகவும் வெளிறிய பெற்றாரின் பிள்ளைகள். நான் உனக்குச் சொன்னது சரியென்றால் அவற்றின் கண்களும் வெளிறியிருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. நல்ல சிவப்பும் இருந்தது, பாதியும் இருந்தது, வெளிறலும் இருந்தது. சிவப்புக் கூடிய பெற்றாரின் பிள்ளைகளில் எப்படியோ அப்படியே. ஒவ்வொரு குஞ்சிலும் கண் உருவாகும்போது அந்த மூடலும் திறப்பும் புதிதாகத் தீர்மானமாகிறது. குளிர் அலுமாரிக்கு மின்சாரம் போய்ச் சூடேறினால் அந்தத் தொகுதியில் சிவப்பு இன்னும் கூடும். அவ்வளவு இலகுவாக மாறுகிற விஷயம். உன்னை இருட்டில் விட்டுவிட்டு நான் எண்ணி எழுதிய அதே பக்கம் சொன்னது இது. அந்தப் பக்கத்தைத் தெரிந்துகொண்டே ஒன்பது வருஷம் கழித்து உனக்கு அதற்கு நேர் எதிரானதை வரைந்து தந்தேன்.

ஈயின் கண் மனிதனுடைய பயத்தைப் பற்றி எதையும் நிரூபிக்காது. அப்படிச் சொன்னால் மறுபடியும் அதே களவைத்தான் செய்கிறேன். தாயின் அதிர்ச்சி பிள்ளையில் என்ன செய்யும் என்று நேர்மையான ஆட்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நான் தேடவில்லை. பயத்தை அடக்குகிற ஒற்றை அலகு என்று ஒன்று யாருக்கும் தெரியாது; அதை அந்தத் தாளில் நான் உண்டாக்கினேன். கொண்டி போட்ட கதவுதான் காரணம் என்றும் என்னால் நிரூபிக்க ஏலாது. ஆனால் ஒரு காரணத்தை மறைக்க இன்னொன்றை வரைந்தேன், அதைப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு நீ ஒரு பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறாய். வேலையிடத்தில் படகுகளின் கீழ்த்தட்டுக்கு இறங்காததால் உன்னை "மேல்தட்டு மாப்பிள்ளை" என்று கூப்பிடுகிறார்களாம். அதைச் சிரித்துக்கொண்டு சொன்ன அன்று நானும் சிரித்தேன்.

கலியாணத்துக்கு முன் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பதை நீயும் தாரணியும் கதைத்து முடிவெடுங்கள். அந்தத் தாளை வைத்து எடுக்காதீர்கள். எப்போதாவது உன் பிள்ளை உன்னிடம் "ஏன்" என்று கேட்டு உனக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தால், வெட்கமாக இருக்கிறது என்று சொல். படம் வரையாதே.

இதை நேற்று முடித்திருந்தேன். இன்று நடந்ததையும் எழுதுகிறேன். நீ அங்கேதான் இருந்தாய், உனக்குத் தெரியும். என்றாலும் எழுதாமல் விட்டதால் வந்த வினை போதும்.

மற்றவர்கள் படிக்க முதல், காலையில் கடிதத்தை உன் கையில் தந்தேன். முற்றத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று வாசித்தாய். இரண்டாம் முறையும் வாசித்தாய். உள்ளே வந்து, "நீங்கள் எந்த நாளைச் சொல்லுறீங்கள் அம்மா?" என்று கேட்டாய்.

"உன்னைப் பூட்டின நாளை."

"அது ஒரு நாள் இல்லையே. கரண்ட் போனது ஒரு நாள். பூட்டினது ஒவ்வொரு நாளும்."

இல்லை என்றேன். ஒரு நாள்தான் என்று சத்தமாகவே சொன்னேன். நீ வாதாடவில்லை. "மாரி பிஸ்கற் ரெண்டு," என்றாய். "முதல் ஒண்டைச் சாப்பிடுவன். ரெண்டாவதைச் சாப்பிட்டு முடிய நீங்கள் வருவீங்கள் எண்டு மெல்ல மெல்லக் கடிப்பன்." இதெல்லாம் உனக்கு நினைவிருந்தால் குசினியில் ஏன் அப்படிக் கேட்டாய் என்றேன். "நீங்கள் சொல்லுறீங்களோ எண்டு பாக்கத்தான்" என்றாய். "நீங்கள் வேறை சொன்னீங்கள். நீங்கள் படிச்சனீங்கள். அதுதான் உண்மை எண்டு நினைச்சன்."

அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்தேன். உண்மையில் நான்தான் சரி என்று காட்டத்தான் எடுத்தேன். பறந்தவை என்ற நிரலைத் தேடி விரலை வைத்தேன். நீ பக்கத்தில் இருந்த நாட்களில் இலக்கங்கள். அதற்குப் பிறகு ஒரு கோடு. பக்கத்தைத் திருப்பினேன், கோடு. திருப்பினேன், கோடு. பக்கத்து வீட்டு அக்கா திரும்பி வரும்வரைக்கும், நாளுக்கு ஒன்றாக, பதினொரு பக்கம். நீ என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "வாங்கோ," என்றாய், "தாரணியிட்டைப் போவம். நீங்களே சொல்லுங்கோ. இதையும் கொண்டு வாங்கோ."

சாம்பல்தீவில் தாரணியின் வீட்டு விறாந்தையில் வைத்துச் சொன்னேன். நான் வரைந்தது பொய் என்றேன். ஏன் வரைந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்கும்வரைக்கும் இந்த முறை காத்திருக்கவில்லை. நீ படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாய். அவள் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். திரும்பவும் உன் பேர்சுக்குள் போயிருந்த தாளை நீ ஏற்கெனவே எடுத்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாய்.

"இந்தக் கோடு என்ன மாமி?"

"எத்தினை இலையான் பறந்து போனது எண்டு எழுதுற இடம்."

"ஒண்டும் பறக்கேல்லையோ?"

"இல்லை," என்றேன். "பதினொரு நாளும் ஒண்டும் பறக்கேல்லை."